நான் அழகாக எழுதிய லொக் புத்தகம்

"தங்கச்சியப் படிப்பிச்சி என்னடா செய்யப் போறாய்? மீனுக்குக் கையெழுத்துப் பழக்கவா?"

நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வருடம், வாழைச்சேனைத் துறைமுகத்தில் வைத்து ஒரு படகு முதலாளி என் அண்ணனிடம் கேட்ட கேள்வி இது. அண்ணன் வீட்டுக்கு வந்து அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். சொல்லி முடித்ததும், சட்டைப் பையிலிருந்து இரண்டு புதுப் பேனைகளை எடுத்து என் மேசையில் வைத்தார்.

அவருக்கு அது பகிடி. எனக்கு? அன்றிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு பரீட்சையும் அந்த முதலாளிக்கு எழுதிய பதில்தான்.

எங்கள் குடும்பத்தில் சாதாரண தரம் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். அண்ணன் ஐந்தாம் ஆண்டோடு கடலுக்குப் போனவர். அவர் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். இன்று மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வாரத்துக்கு ஒரு தரம் பத்திரிகையில் இந்த இடத்தில் உங்களோடு கதைக்கிறேன். பெருமையா என்றால்... ஓம், பெருமைதான். நிறையப் பெருமை.

கடந்த இரண்டு வாரமும் இந்தப் பத்தி வரவில்லை. விசாரித்தவர்களுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள், அது பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனையை எடுக்கத்தான் வெட்கமாக இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் கல்குடாவில் குடும்பமாக இருக்கிறார். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகொன்றின் ஸ்கிப்பர். படகு அதே முதலாளியுடையது. போனால் இருபது, இருபத்தைந்து நாள் கடல்தான். பிடிப்பது பெரும்பாலும் சூரை – மஞ்சள் செட்டைச் சூரை. அதில் நல்ல மீன் ஐஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பிளேன் ஏறும். அண்ணன் பிடித்த சூரை ஐரோப்பா முழுக்கச் சுற்றியிருக்கிறது. அண்ணன் கொழும்புக்கே நாலைந்து தரம்தான் போயிருப்பார். அண்ணி அவசரத்துக்குக் கடையில் வாங்கி வெங்காயம் போட்டுப் பிரட்டுகிற ரின் மீனோ, எங்கோ ஒரு தூர நாட்டிலிருந்து கப்பலில் வந்தது. எங்கள் மீன் அங்கே... அவர்கள் மீன் இங்கே! உலக வர்த்தகம் என்று நான் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது இதைத்தான் போல.

பிளேன் ஏறும் மீனுக்கும் பாஸ்போட் வேண்டும். எந்த நாள், கடலில் எந்த இடத்தில், எத்தனை தூண்டில் விட்டு என்ன மீன் பிடித்தது என்று ஸ்கிப்பர் கடலில் வைத்தே எழுத வேண்டும். அதுதான் லொக் புத்தகம். கரைக்கு வந்ததும் மீன்பிடி அதிகாரி அதைப் பார்ப்பார். படகில் பூட்டியிருக்கும் செய்மதிக் கருவி காட்டும் இடத்தோடு ஒப்பிடுவார். இரண்டும் பொருந்தினால்தான் ஏற்றுமதிக்குச் சான்றிதழ். ஒரு காலத்தில் உங்கள் மீனே வேண்டாம் என்று ஐரோப்பா கையை விரித்ததை எங்கள் துறைமுகத்தில் யாரும் மறக்கவில்லை. அதனால் வரி வரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கத்தானே வேண்டும்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. படகு வந்துவிட்டது என்று அண்ணி போன் பண்ணினார். நான் சோற்றுப் பார்சல்களோடு துறைமுகத்துக்குப் போனேன். அண்ணனும் மற்றவர்களும் ஐஸ் அறைக்குள் இறங்கி வேலையில் நின்றார்கள். படகின் கபினுக்குள் லொக் புத்தகம் கிடந்தது. சும்மா எடுத்துப் பார்த்தேன்.

அட்டையில் மீன் இரத்தம். பக்கங்கள் உப்புத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, அப்பளம் போல நெளிந்து நின்றன. ஒரு நாள் நீல மை, அடுத்த நாள் பென்சில். வெட்டி வெட்டி எழுதிய எண்கள். பெயர் எழுத வராத மீனுக்கு அண்ணன் படம் கீறியிருந்தார்! வாள்மூக்கு மீனுக்கு முன்னால் ஒரு நீளக் கோடு. சூரைக்கு அரிவாள் மாதிரி இரண்டு செட்டை. நடுவே மூன்று நாளைக்கு ஒன்றுமே இல்லை... வெறும் கட்டங்கள்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் வந்தது. இதையா அதிகாரி பார்க்கப் போகிறார்? ஓர் ஆசிரியையின் அண்ணன் எழுதிய புத்தகமா இது?

ஐஸ் அறை வாசலில் குனிந்து கேட்டேன். "அண்ணா, இத நான் வடிவாத் திருப்பி எழுதித் தரட்டா?"

"எழுதன் புள்ள. உனக்குத்தானே கை ஓடும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கபின் தட்டில் எழுதாத புத்தகம் ஒன்று இருந்தது. உட்கார்ந்தேன். இரண்டு மணித்தியாலம். பல்கலைக்கழகப் பரீட்சைக்குக் கூட நான் அவ்வளவு அழகாக எழுதியதில்லை. படங்கள் இருந்த இடத்தில் மீன்களின் பெயர்கள். வெட்டில்லை, கிறுக்கலில்லை.

அந்த மூன்று வெற்று நாட்கள்?

வகுப்பில் நான் ஓயாமல் சொல்கிற ஒரு விஷயம் உண்டு. தெரியாத கேள்வி என்றாலும் ஏதாவது எழுதிவிட்டு வாருங்கள், வெறுமனே விட்டால் பூச்சியம்தான் என்று. அதே புத்தி அன்றும் வேலை செய்தது. முந்திய நாள் படகு நின்ற இடமும் பிந்திய நாள் நின்ற இடமும் புத்தகத்தில் இருந்தன. இடைப்பட்ட தூரத்தை அளவாகப் பிரித்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இடத்தைப் போட்டு, 'தூண்டில் விட்டோம், மீன் படவில்லை' என்று நிரப்பினேன்.

அண்ணனிடம் கேட்டேனா? இல்லை. பத்தடி தூரத்தில்தான் நின்றார். ஆனாலும் கேட்கவில்லை. ஐந்தாம் ஆண்டோடு நின்ற மனுசன், எழுத மறந்திருப்பார்... அப்படித்தான் நினைத்தேன். இந்த வரியை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பழைய புத்தகத்தைத் துறைமுகத் தண்ணீரில் எறிந்தேன். வற்றுத் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது. அசிங்கம் ஒன்று ஒழிந்தது போல நிம்மதியாக இருந்தது.

பதினொரு மணியளவில் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும், பத்தி எழுதுகிற தங்கச்சி நீங்கள்தானே, எங்கள் வீட்டில் எல்லாரும் வாசிக்கிறோம் என்றார். நான் குளிர்ந்து போய் நின்றேன். அந்தக் குளிர்ச்சி அடங்குமுன்னமே அவர் புத்தகத்தைத் திறந்தார்.

ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தார்.

"கருவி காட்டுற இடம் ஒண்டு, புத்தகம் சொல்லுற இடம் வேற. மூண்டு நாளும் பிழைக்குது," என்றார். "இது கடல்ல எழுதினதா தம்பி?"

அண்ணன் புத்தகத்தைப் பார்த்தார். என் எழுத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம் சேர். நான்தான் எழுதின."

அதிகாரி பேனையை நீட்டினார். "அப்ப இதில ஒரு வரி எழுதுங்க பாப்பம்."

அண்ணன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். பேனையை வாங்கவில்லை.

"கை விறைச்சிக் கிடக்கு சேர். ஐஸுக்குள்ள நிண்ட கை."

அதிகாரி கோபப்படவில்லை. யாரோ கரையில் வைத்து எழுதியது தெரிகிறது, கடலில் எழுதிய புத்தகம் இருந்தால் கொண்டுவாருங்கள், அதைப் பார்த்து முடிவெடுப்போம் என்று தணிவாகத்தான் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"அது இல்ல சேர்," என்றார்.

நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன். வாராவாரம் ஊருக்கெல்லாம் நியாயம் கதைக்கிற வாய். திறக்கவில்லை. அரசாங்கச் சம்பளம் எடுக்கிற ஆசிரியை ஒரு புத்தகத்தில் இல்லாததை எழுதினாள் என்றால் வேலை என்னாகும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் எது தெரியுமா? சற்று முன் என்னைப் பாராட்டிய அந்த மனிதரின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவ்வளவுதான். அந்தப் பயணத்து மீனுக்குச் சான்றிதழ் இல்லை. பிளேன் ஏற வேண்டிய சூரை லொறியில் ஏறி உள்ளூர்ச் சந்தைகளுக்குப் போனது. அண்ணனின் ஸ்கிப்பர் அனுமதியை நிறுத்தி வைத்து விசாரணை என்றார்கள். விசாரணையில் பிழை என்று முடிந்தால், அவர் இனி ஆழ்கடல் படகு ஓட்ட முடியாது. முதலாளி அடுத்த வாரமே வேறு ஸ்கிப்பரைப் போட்டுப் படகை அனுப்பிவிட்டார்.

அந்த மூன்று நாளும் என்ன நடந்தது என்று அன்று பின்னேரம்தான் கேட்டேன். எஞ்சின் நின்றுவிட்டதாம். நீரோட்டத்தில் படகு போன போக்கில் போயிருக்கிறார்கள். இவர்களே பிரித்துப் பூட்டி, மூன்றாம் நாள்தான் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

"அத எழுதியிருக்கலாமே அண்ணா?"

"தூண்டில் விடல்ல. மறுகா என்னத்த எழுதுற?"

அந்தப் புத்தகத்திலேயே ஆகச் சரியாக இருந்தது அந்த மூன்று வெற்று நாட்கள்தான்.

அண்ணன் என்னை ஏசவில்லை. உன்ட வேல போயிரும், வாய் திறந்திராத என்று மட்டும் சொன்னார். இப்போது யாரோ ஒருவருடைய தோணியை இரவலாக வாங்கிக்கொண்டு கரையை ஒட்டிய களப்பில் வலை வீசுகிறார். கொஞ்சம் இறால், கொஞ்சம் செத்தல் மீன். ஒவ்வொரு நாளும் வீட்டுச் சோறு தின்னக் கிடைக்கிதே என்று அண்ணியிடம் பகிடி விடுகிறார். அண்ணி சிரிப்பதில்லை.

துறைமுகத் தேத்தண்ணிக் கடையில், வெளிநாட்டான் சட்டம் போட்டு எங்கட வயித்தில அடிக்கான் என்று கதைக்கிறார்கள். எனக்கும் தலையாட்ட ஆசைதான். பழியைக் கடல் தாண்டி அனுப்புவது எவ்வளவு சுகம்! ஆனால் அந்தச் சட்டம் கேட்டது ஒரே ஒரு கேள்வி – கடலில் என்ன நடந்தது? என் அண்ணன் அதற்குச் சரியான பதில் எழுதியிருந்தார். நான்தான் திருத்தினேன். படித்தவர்கள் நாங்கள் இப்படித்தான் நிறையத் திருத்துகிறோமோ... கேட்காமல்?

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் மீன்பிடி அலுவலகத்துக்குப் போனேன். அதே அதிகாரி. கடிதத்தை நீட்டினேன். புத்தகத்தை எழுதியது நான், மூன்று நாளை இட்டுக்கட்டியது நான், பழையதை எறிந்தது நான். நான் திருப்பி எழுதுகிறேன் என்பது மட்டும்தான் அண்ணனுக்குத் தெரியும். கீழே என் முழுப் பெயர், கையொப்பம்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். முகம் மாறத்தான் செய்தது.

"வேலைக்குப் பிரச்சினை வரும். தெரியும்தானே?"

"தெரியும் சேர்."

எழும்பி வரும்போது ஒன்று கேட்டேன். அந்தப் பழைய புத்தகத்தில் மீன்களுக்குப் படம் கீறியிருந்தது, நீங்கள் ஏற்றிருப்பீர்களா என்று.

"ஏன் ஏற்காம? பாதிப் பேர் கீறித்தான் கொண்டுவாறாங்க. உங்கட அண்ணன்ட படம் எனக்கு நல்லாத் தெரியும். கணக்கா இருக்கும்."

அண்ணன் படம் கீறுவார் என்று ஓர் அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

விசாரணை வருகிற வியாழன். சாட்சியாக என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று அதிபரிடம் கடிதத்தின் பிரதியைக் கொடுத்து, லீவுப் படிவமும் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் எல்லாரும் போடுகிற 'சொந்த அலுவல்' எழுதக் கை வரவில்லை. 'நான் செய்த பிழையைச் சொல்லப் போகிறேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டேன்.