இரண்டு பிரேக் வைத்த கார்

கீழ்க்கட்டளை காஜா பாய்க்குப் பம்மலில் தோல் கடை. எந்தத் தோலை எடுப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று கடையில் அவர் ஒருநாளும் தடுமாறியதில்லை. அப்படிப்பட்டவர் 2006ஆம் வருஷம் ஒரு மாதம் முழுக்கத் தலை சுற்றிப் போனார். காரணம், மகள் ரூக்சாருக்குப் பதினெட்டு முடிந்து கார் ஓட்டும் லைசென்ஸ் வந்துவிட்டது.

தாம்பரம் தாண்டி இருந்த காலேஜுக்கு அவள் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். "லைசென்ஸ வாங்கி பீரோவுல பூட்டி வைக்கவா? பழைய காரா ஒண்ணு பாருங்க" என்றாள் மனைவி ஷம்சாத். காஜாவும் தலையாட்டிவிட்டார். ஆனால் ஸ்கூட்டரைத் தவிர அவருக்கு வேறெதுவும் ஓட்டத் தெரியாது.

"அம்பாசடர் வாங்குங்க மச்சான். மோதுனா மோதுனவனுக்குத்தான் சேதம்" என்றான் ஷம்சாத்தின் தம்பி யாசீன். சரி, அம்பாசடர்தான் என்று நிம்மதியாகத் தூங்கினார். காலையில் பக்கத்து வீட்டு யக்ஞநாராயணன், "அந்த ஸ்டியரிங்க திருப்பறதுக்குள்ள கொழந்தைக்குக் கை ஒடிஞ்சு போயிடும் சார். சின்னதா பாருங்கோ" என்றார். சின்னதாகப் பார்க்கப் போன இடத்தில் ஒரு தண்ணி லாரி வந்து பக்கத்தில் நின்றது. லாரிக்குக் கீழே அந்தக் கார் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. காஜா வந்த வழியே திரும்பிவிட்டார். புதிதாக வாங்கினால் இடித்துவிடுவாளே என்று பயம். பழையதாக வாங்கினால் பிரேக் பிடிக்காமல் போய்விடுமே என்று பயம். ரூக்சாரைக் கேட்டால், "எதுவா இருந்தாலும் சரி அத்தா" என்றாள். அதைக் கேட்டு இன்னும் குழம்பினார்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த பல்லாவரம் டிரைவிங் ஸ்கூல் ஜெபராஜ், தன் பழைய மாருதியை விற்கப்போவதாகச் சொன்னார். சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடதுபக்கத்திலும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் இருந்தன. காஜா அங்கே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார். உள்ளே போயிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

"இதக் கழட்டிட்டுத் தரேன் பாய்" என்றார் ஜெபராஜ்.

"கழட்டினா கார் எனக்கு வேணாம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ரூக்சார் ஓட்ட, காஜா இடதுபக்கம் உட்கார, இருவரும் கிளம்பினார்கள். பல்லாவரத்தில் சந்தைக் கூட்டம். பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் ரோட்டில் ஒரு கால் வைத்தார். ரூக்சார் வேகத்தைக் குறைத்தாள். அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அவள் மறுபடி நகர்த்தினாள். அந்த நேரம் பார்த்து காஜா தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ டமாலென்று இடித்தது.

ஆட்டோக்காரன் இறங்கி வந்தான். "எதிர்ல ஒண்ணுமே இல்ல, நடுரோட்ல பிரேக்கு போட்டுகினு நிக்கிறியே, இன்னாமா நீ? வண்டி ஓட்றது நீயா, அவரா?"

காஜா வாயைத் திறந்தார்.

"நான்தாண்ணா போட்டேன். சாரி" என்றாள் ரூக்சார்.

வீட்டுக்கு வந்ததும், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டார்.

"டிரைவர் சீட்ல நான்தானே அத்தா இருந்தேன்." கார் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "ஆனா என் காலுக்குக் கீழ பெடல் தானா எறங்குது. நான் மிதிச்சேனா, நீங்க மிதிச்சீங்களான்னு எனக்கே புரியல. பயமா இருக்கு அத்தா" என்றாள்.

அவள் பயப்படக் கூடாது என்றா அதை வாங்கினோம், நாம் பயப்படக் கூடாது என்றா? இரவெல்லாம் அவருக்கு அதே யோசனை.

மறுநாள் பம்மலில் மெக்கானிக் கோபுவின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார்கள். கோபு ஸ்பேனரோடு காருக்குள் குனிந்தான்.

"ரெண்டையும் எடுத்துடட்டா பாய்?"

"எடுத்துடு." உடனே, "இருப்பா, கிளச்ச மட்டும் எடு" என்றார். அப்புறம், "இல்ல, இரு" என்றார்.

"பாய், இன்னா பேஜார் பண்ற? முடிவா ஒண்ணு சொல்லு, கழுத்து வலிக்குது."

காஜா மகளைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டையும் எடுத்துடு" என்றார்.

திரும்பி வரும்போது கால்களை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. பல்லாவரம் தாண்டும்போது வலதுபக்கம் ஒரு பஸ் காரை உரசுகிற மாதிரி திரும்பியது. காஜாவின் கால் வெறும் தரையை அழுத்தியது. கார் நிற்கவில்லை, கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கி, பஸ்ஸைத் தாண்டிப் போய்விட்டது.

வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டார். "அந்த பஸ்ஸுக்கு நீ ஏம்மா பிரேக் போடல?"

"எந்த பஸ் அத்தா?" என்றாள் ரூக்சார்.

அவள் அந்தப் பஸ்ஸைப் பார்க்கவே இல்லையா, இல்லை நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது பெரிய விஷயம் இல்லையா? கேட்டுவிட அவருக்குத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவள் தனியாகவே காரில் காலேஜுக்குப் போய்வந்தாள்.