பிரேக்கை மிதித்தால் விழும் முள்

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். கவலைப்படுவதை மட்டும் விட்டதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்த பிறகு, அணைத்தேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஒரு பழைய டீசல் காரை வாங்கி நிறுத்திவிட்டுப் போனபோது நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் கவலையால்தான். எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் பஸ் கிடையாது. அவசரமென்றால் யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவது?

பங்குனி கடைசியில் அந்தக் காரின் டீசல் முள்ளுக்குப் பேய் பிடித்தது. முக்கால் டேங்க் என்று காட்டும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடியில் போய்ப் படுத்துவிடும். நான் சும்மா இருப்பேனா? கண்ணில் பட்ட பெட்ரோல் பங்கில் எல்லாம் வண்டியை விட்டேன். ஒரு பங்கில் இருந்தவர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா, வாய் வரைக்கும் நிக்குது. இதுக்கு மேல ஊத்தணும்னா டிக்கியிலதான் ஊத்தணும்" என்றார்.

அதோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. வளையல் வாங்கலாம் என்று பேராவூரணியில் மகள் வாழப்போன வீட்டிலிருந்து சம்பந்தியம்மாவை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் ரோட்டைப் பார்க்கவேயில்லை.

"என்ன சம்பந்தி, டீசல் இல்லையா?"

"நெறைய இருக்குங்க. முள்ளுதான் பொய் சொல்லுது."

"பொய் சொல்ற வண்டிய நம்பி, வலி எடுத்த புள்ளைய எப்படிங்க ஏத்துறது? அவ இங்கயே இருக்கட்டும். நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரி."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது.

எங்கள் ஊர் மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "டேங்குக்குள்ள முள்ள ஏத்தி இறக்குற மிதவை போயிருக்கும்க்கா. டேங்க இறக்கணும். சாமான் சென்னையிலேருந்து வரணும்."

"எப்ப தம்பி வரும்?"

"வர்றப்ப வரும்."

வளைகாப்பு வெள்ளிக்கிழமை.

பட்டறையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கவலைக்காரிக்கு ஒரு இடத்தை விடாமல் உற்றுப் பார்ப்பது நன்றாக வரும். முள் முக்காலில் ஆடாமல் நின்றது. வண்டி லேசாகப் பின்னால் நகர்வதுபோல் இருக்கவே பிரேக்கில் கால் வைத்தேன். சடாரென்று முள் விழுந்தது. காலை எடுத்தேன், ஏறியது. வைத்தேன், விழுந்தது.

நிற்கிற வண்டியில் டீசல் எங்கே போகும்? மிதவை எதற்கு ஆடும்? பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதானே. லைட்டைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் விழுந்தது. எங்கள் பம்புசெட்டுக் கொட்டகையில் ஒரு வயர் தளர்ந்து கிடந்தபோது இதே கூத்துதான்: மோட்டாரைப் போட்டால் பல்பு மங்கும். ஓடாத குறையாகப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன்.

"தம்பி, மிதவை நல்லாத்தான் இருக்கு. பின்னாடி விளக்குக்கும் முள்ளுக்கும் பொதுவா ஒரு எர்த் வயர் இருக்குமே, அதுதான் எங்கயோ விட்டுப்போயிருக்கு."

"எப்பக்கா நீங்க மெக்கானிக் ஆனீங்க?"

"கேலி அப்புறம் பண்ணு. பிரேக்க மிதிச்சுப் பாரு."

மிதித்தார். இன்னொரு முறை மிதித்தார். "அட!" என்று இறங்கி வண்டிக்கு அடியில் நுழைந்தவர், அங்கிருந்தே சத்தம் போட்டுச் சிரித்தார்.

"அக்கா, உள்ள ஒரு களமே இருக்கு!"

கை கையாக உளுந்தங்கொடியை உருவிப் போட்டார். டேங்குக்குப் பக்கத்தில் சுற்றி இறுகிய கொடி, எர்த் வயரைப் பாதி பிடுங்கி வைத்திருந்தது.

எங்கள் பக்கத்தில் பிடுங்கிய உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டியின் சக்கரம் ஏறி நெற்று உடைந்துவிடும், அடிக்கிற வேலை மிச்சம். "அக்கா, இன்னும் ரெண்டு தடவ போயிட்டு வந்துடுங்களேன்" என்று கேட்பார்கள். மாட்டேன் என்றால் என்ன நினைத்துக்கொள்வார்களோ என்று முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொடுத்தவள் நான்தான். தெருவில் பாதி உளுந்து என் வண்டியில் அடித்தது.

மெக்கானிக் உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, வயர் முனைக்குப் புது வளையம் போட்டு முடுக்கினார். நான் பிரேக்கை மிதித்தேன், லைட்டைப் போட்டேன், ஹாரனையும் அடித்தேன். முள் அசையவில்லை. வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். "இப்ப மிதி" என்றார். "மிதிச்சுக்கிட்டுதாங்க இருக்கேன்!" என்றேன்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்ததும் சம்பந்தியம்மாவை நானே கூப்பிட்டு முன் சீட்டில் உட்கார வைத்தேன். தென்னந்தோப்பு ஓரமாக, இருக்கிற குழியில் எல்லாம் இறக்கி ஏற்றி ஒரு சுற்று. திரும்பி வரும்வரை அவர் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆடலையே சம்பந்தி."

"ஆடாதுங்க."

"சரி, புள்ளைக்கு முதுகுக்குத் தலகாணி வச்சுக் கூட்டிட்டுப் போங்க."

எங்கள் ஊர் எல்லையில் ரோடு முழுக்க உளுந்து. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்ற பெண்கள் கையை ஆட்டினார்கள்: "அக்கா, அப்படியே ஏத்துங்க!"

கண்ணாடியை இறக்கினேன். "ஒதுக்குங்கடி! எம்மவ வந்திருக்கா!"

கும்மாளமாகச் சிரித்துக்கொண்டே விளக்குமாற்றால் வழி ஒதுக்கினார்கள். வளையல் குலுங்க மகள் பின்சீட்டிலிருந்து என் தோளைத் தட்டினாள்.

"அம்மா, முள்ளப் பாத்தது போதும். ரோட்டப் பாரு."