கண்ணாடியக்கா கண்டுபிடித்தது

கடைத்தெருவில் அவரைக் ‘கண்ணாடியக்கா’ என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கடையில் கண் பரிசோதிப்பவர். தேவையில்லாதவர் தலையில் கண்ணாடியைக் கட்டமாட்டார். முதலாளிக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அக்காவிடம் வாய்கொடுத்து மீள முடியாது என்பதால் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை, பேக்கரியில் வேலை பார்க்கும் பெண் தன் ஏழு வயது மகளோடு மூன்றாவது தடவையாக வந்து நின்றாள்.

“நல்லாப் பாருங்கக்கா. போர்டுல இருக்கிறத இவ படிக்கவே மாட்டேங்கிறான்னு டீச்சர் சொல்றாங்க.”

அக்கா பட அட்டையை மாட்டினார். வாத்து, குடை, சாவி என்று சிறுமி கடைசி வரிவரை கடகடவென்று சொன்னாள். “அந்தச் சாவி வளைஞ்சிருக்கு, கதவு திறக்காது” என்று உபரியாக ஒரு தகவலும் தந்தாள். எழுத்து அட்டை வந்ததும் திணறினாள். பெரிய எழுத்தில் கையில் கொடுத்தாலும் அதே கதைதான். ‘பட்டம்’ முதல் வரியில் ‘பாட்டி’ ஆனது. அடுத்த வரியில் ‘பாப்பா’ ஆனது.

அக்காவுக்குப் பொறி தட்டியது. அட்டையிலிருந்த குட்டிக் கதையைத் தானே வாசித்துக் காட்டினார். சிறுமி அதைச் சிந்தாமல் சிதறாமல் திருப்பிச் சொன்னாள். முடிவு பிடிக்கவில்லை என்று மாற்றியும் வைத்தாள்.

“சரி, ‘குதிரை’ல ‘கு’வ எடுத்துட்டா என்ன மிச்சம்?”

சிறுமி வெகுநேரம் யோசித்தாள். “வால்.”

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு தாயிடம் திரும்பினார். “கண்ணு கழுகுக்கண்ணு. மூளையும் கூர்மை. எழுத்தையும் ஓசையையும் சேக்கிறதுலதான் சிக்கல்னு தோணுது. இதச் சோதிக்கவே படிச்சவங்க இருக்காங்க. அவங்ககிட்ட காட்டுங்க.”

தாயின் முகம் சுண்டிப்போயிற்று. “சோம்பேறின்னு தினமும் திட்டினேனேக்கா.”

“இனிமே திட்டாதீங்க, அவ்வளவுதான்.”

நிபுணர் இரண்டு நாள் காலையில் விளையாட்டுப்போலவே சோதித்துவிட்டு, டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புச் சிக்கல் என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டபோது சிறுமியே முந்திக்கொண்டாள்: “அப்பா ஓட்டல்ல மெனுவத் தொடவே மாட்டார். என்ன இருக்குன்னு கேட்டுக்குவார்.” கூட வந்திருந்த, லிஃப்ட் பழுதுபார்க்கும் அப்பா சத்தமாகச் சிரித்தார். பிறகு தலைகுனிந்துகொண்டார். “நான் மக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்” என்றார்.

சிறப்புப் பயிற்சி தொடங்கியது. பள்ளியிலும் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு மாலை, சிறுமி கடை வாசலில் நின்று கண்ணாடிக் கதவில் இருந்த கடைப் பெயரை விரல்வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து நின்றார்கள்.

“கொஞ்சம் பொறுங்க,” என்று உள்ளிருந்தே கையைக் காட்டினார் அக்கா. “அவ படிச்சு முடிக்கட்டும்.”