நான் போட்ட இரண்டு டிக்கும் போடிமெட்டு ஜீப்பும்

போடிநாயக்கனூருக்கு நான் ஊர் சுற்றப் போகவில்லை. ஒரு ஜீப் ஓட்டுநர் போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார், அதற்குப் பதில் சொல்ல மாசி முதல் வாரத்தில் போனேன்.

ஐப்பசிக் கடைசியில் பெய்த மழையில், போடிமெட்டு மலைச்சாலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போன ஜீப் ஒன்று கவிழ்ந்தது. ஓட்டுநர் சம்சுதீன் அங்கேயே இறந்துவிட்டார். பாதிக்கப்பட்டவர்களின் மனநலத்தைக் கவனிக்க ஒரு தொண்டு அமைப்பு வந்தது. அவர்கள் நிரப்பிய படிவங்களை மதுரையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தொகுத்துக் கொடுத்தவள் நான். 'வேலைக்குத் திரும்பிவிட்டாரா?' ஆம் என்றால் 'தேறிவிட்டார்'. 'வீட்டைவிட்டு வெளியே வருகிறாரா?' இல்லை என்றால் 'கடும் பாதிப்பு'. முதல் டிக், அந்த ஜீப்பில் இருந்து பிழைத்த ராசிங்காபுரம் பேச்சியம்மாளுக்கு. இரண்டாவது, சம்சுதீனின் மனைவி மைமூனுக்கு. அந்தப் பட்டியல் எஸ்டேட்டுக்கும் போனது.

இப்போது அதே பெண்களை ஏற்றிப் போகும் ஓட்டுநர் முத்து சொன்னது இதுதான்: "ஜீப்பு கவுந்த வளைவுல பேச்சியக்காவால உக்காந்து வர முடியல. எறங்கி நடந்து, தாண்டுன பெறகு ஏறிக்கிரும். நீங்க தேறிட்டான்னு எழுதுன பேப்பரக் காட்டி, இனிமே அங்க நிறுத்தக் கூடாதுங்கறாரு சூப்பர்வைசரு. வந்து பாத்துட்டு எழுதுங்கம்மா."

மதுரையிலிருந்து போடிக்குப் பேருந்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மதியம் மூன்று மணிக்கு மைமூன் வீட்டுக் கதவைத் தட்டினேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் அது. வெளி ஆண்களைப் பார்க்கமாட்டார். நான் பெண் என்பதால் உள்ளே அழைத்தார்கள். படிவத்தோடு வந்தவர் ஆண், அவரை வாசலோடு அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதை 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார். தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் விவரம் சொல்லியிருப்பார்கள். கேட்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"ஒரு நாள் காரே அனுப்பிட்டாகம்மா," என்றார் மைமூன். "வெளிய வந்தா மனசு லேசாகுமாம். எனக்கு அக்கம்பக்கத்துல சோறாக்கிக் கொண்டாறாக. ஒக்காந்து அழுக எனக்கு நேரம் இருக்கு. பேச்சிக்கு அதுகூட இல்லையே. எட்டாம் நாளே மலையேறிட்டா. ஞாயித்துக்கெழமை வந்தா என் மடியில படுத்துத்தான் அழுவா."

நாங்கள் போட்ட இரண்டு டிக்கும் இடம் மாறிக் கிடந்தன. எனக்கு வந்த கோபத்தில் அவர் கொடுத்த டீயைக்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை.

மறுநாள் காலை 5.40க்கு, முத்துவின் ஜீப்பில் ஏறினேன். இவை தொழிலாளர் ஜீப்புகள், சுற்றுலாவுக்கு அல்ல. சிரமத்தோடு இடம் ஒதுக்கினார்கள். மெட்டுவரை ஏறக்குறைய இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பேச்சிக்கு நாற்பது வயதிருக்கும். அடிவாரம் வரை கேலியும் சிரிப்புமாக வந்தவர், ஏற்றம் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார். "தேறிட்டேன்னு எழுதுனது நீங்கதானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "சோலிக்குப் போனா தேறிட்டேன்னு ஆயிருமா ஆத்தா? போகலைன்னா எம்புள்ளைகளுக்கு யாரு சோறு போடுவா?"

அந்த வளைவு நெருங்கியது. எத்தனையாவது வளைவு என்று எழுதமாட்டேன், வீடியோ எடுக்க ஒரு கூட்டம் கிளம்பிவிடும். பேச்சியின் கை என் முழங்கையை இறுக்கியது. கதவுப் பக்கமாகச் சாய்ந்தார். ஜீப் நிற்காவிட்டால் குதித்துவிடுவார் என்றே பயந்தேன். முத்து பிரேக் போட்டார்.

"எஞ்சின் சூடாயிருச்சு. எல்லாரும் எறங்குங்க," என்றார், யாரையும் பார்க்காமல். குளிரில் எங்களுக்கெல்லாம் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

பேச்சி மட்டுமல்ல, எல்லாப் பெண்களும் இறங்கினார்கள். விபத்துக்குப் பிறகு வேலைக்கு வந்த முதல் நாள் அவர் அலறி இறங்கியபோது, தனியாக விடக் கூடாது என்று கூட இறங்கியவர்கள், அதை இன்றுவரை விடவில்லை. எந்த ஆலோசகரும் சொல்லிக்கொடுத்ததல்ல. இருநூறு மீட்டர் நடந்தோம். தடுப்புச் சுவர் பக்கம் வந்ததும் பேச்சி, சம்சுதீனிடம் சொல்வதுபோல், "பாய், போயிட்டு வர்றோம்," என்றார். பின்னால் ஒரு கார்க்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். திரும்பிப் போய் அவர் கண்ணாடியைத் தட்டித் திட்டிவிட்டு வந்தேன், அதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

மதுரை திரும்பியதும் பட்டியலைத் திருத்தச் சொல்லி அமைப்புக்குக் கடிதம் எழுதினேன். இறங்கி நடப்பதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. கட்டம் இல்லையாம்!

மலையேறப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காலை ஆறிலிருந்து ஏழரை வரை இந்தச் சாலை தொழிலாளர் ஜீப்புகளுடையது, அதற்குப் பிறகு கிளம்புங்கள். கம்பளி அவசியம். முன்னால் ஒரு ஜீப் நின்று, பெண்கள் வரிசையாக நடந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். இரண்டு நிமிடம் உங்களுக்கு ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பங்குனியில் மைமூனின் இத்தா முடிகிறது. முடிந்ததும் அந்த இடத்தில் தானும் ஒருமுறை நடக்க வேண்டும் என்கிறார். ஜீப்பில் தனக்குப் பக்கத்தில் இடம் போட்டு வைப்பதாகப் பேச்சி சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று மெட்டில் என்னை இறக்கிவிட்டபோது முத்து கேட்டது இது:

"இன்னைக்கு எஞ்சின் சூடுன்னேன். தெனமும் சூடாகுமாம்மா? நாளைக்கு என்ன சொல்லி நிறுத்துறதுன்னு நீங்களே எழுதிக் குடுங்க. எழுதுறதுதான ஒங்க சோலி?"