ஆனையூர் அக்காவின் பச்சைச் சேலை

அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலையை எந்தக் கடையில் பார்த்தாலும் என் முட்டி வரை தண்ணீர் ஏறுகிறது.

காளவாசலில் ஒரு மொபைல் கடைக்கு மேலே இருந்த உள்ளூர் சேனலில் நான் நிருபராகச் சேர்ந்த புதிது. மழையில் கண்மாய் நிறைந்து ஆனையூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று கேமரா அண்ணனோடு என்னை அனுப்பினார்கள். கடைசி வீட்டு அக்கா எங்களுக்காகவே காத்திருந்தார். உள்ளே, செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் அவருடைய மாமனார் மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுத்திருந்தார். அவரைத் தூக்கிப்போய் வைக்க வேறு வீடும் இல்லை. தண்ணீரை இறைக்க மோட்டார் கேட்டு மாநகராட்சிக்குப் போன் போட்டுப் போட்டு அக்கா ஓய்ந்திருந்தார். டிவியில் வந்தால் மோட்டார் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மைக்கை நீட்டியதும், "ஒரு நிமிஷம் தம்பி, இந்தா வாரேன்" என்று உள்ளே போனவர், அந்தப் பச்சைச் சேலையைக் கட்டி, தலைவாரி, பொட்டு வைத்து வந்து நின்றார்.

"கல்யாணத்துக்கா கிளம்பிட்ட?" என்று எதிர் மாடியிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஊரே பாக்கும்ல அண்ணே. அழுக்குச் சேலையோடயா நிப்பாக?"

பிறகு அழாமல், தடுமாறாமல், அம்புட்டையும் கோவையாகச் சொன்னார். நல்ல பேட்டி கிடைத்த மிதப்பில் திரும்பினேன்.

செய்தி ஆசிரியர் திரையைப் பார்த்துவிட்டு, "வெள்ளத்துல மாட்டுன பொம்பள மாதிரியா இருக்கு? பட்டு கட்டி நிக்கிது. அழக்கூட இல்ல" என்றார். அது பட்டில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அன்றைய செய்தியில் வேறொரு தெருவில் தலையில் அடித்துக்கொண்டு அழுத அம்மா வந்தார். மோட்டாரும் அந்தத் தெருவுக்குத்தான் முதலில் போனது.

தண்ணீர் வடிந்தபின் போனோம். மாமனார் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"ஏன் தம்பி நியூஸ்ல வரல?" என்றார் அக்கா. கேமரா அண்ணன்தான் தரையைப் பார்த்தபடி, "சேலை நல்லா இருந்துச்சுக்கா. அதான்" என்றார்.

"வீட்டுக்கு ஆளு வந்தா நல்லதா ஒண்ணக் கட்டிட்டு நிக்கத்தான எனக்குத் தெரியும்" என்றார் அக்கா.

இப்போது வேறொரு சேனலில் இருக்கிறேன். புதிதாக வரும் நிருபர்கள், "மாத்தாதீங்கம்மா, அப்படியே வாங்க" என்று சொல்வதைக் கேட்கிறேன். தடுக்க முடிவதில்லை. அப்படி நின்றால்தான் மோட்டார் வருகிறது.

தண்ணீர் வடிந்தபின் போன அன்று, நாங்கள் கிளம்பும்போது அந்தச் சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அரக்குக் கரையிலிருந்து முட்டி உயரம் வரை சேற்றுக் கறை, துவைத்தும் போகாமல். செய்தி ஆசிரியர் பார்த்த திரையில் அக்கா இடுப்புக்கு மேலேதான் தெரிந்தார்.