ஏசிக்கு நான் கட்டிய கொட்டகை

என் மகளுக்கு வியர்க்காது. பிறவியிலேயே உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை என்று டாக்டர் சொன்னார். வெயில் ஏற ஏற அவள் உடம்புச் சூடும் ஏறும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். அதனால்தான் காவாந்தண்டலத்தில் எங்கள் தெருவிலேயே முதல் ஆளாக, அவள் படுக்கும் அறைக்கு ஏசி வைத்தேன். "பயிர் வெக்கிறவன் வூட்டுக்கு ஏசி கேக்குதா?" என்று பேசிக்கொண்டார்கள். பேசினவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் நன்றாக வியர்க்கிறது, அவர்களுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஏசியின் வெளிப்பெட்டியை வீட்டுக்குப் பின்னால், மேற்குச் சுவரோரம் தரையில் பொருத்தியிருந்தார்கள். மத்தியான வெயில் நேராக அதன் மேல்தான் விழும். எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டாரை வெயிலிலும் மழையிலும் கிடக்க விடுகிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள். இதுவும் ஒரு மோட்டார்தானே? நான்கு சவுக்குக் கழி நட்டு, மேலேயும் பக்கங்களிலும் தென்னங்கீற்று கட்டினேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது, பொய் சொல்வானேன், பெருமையாகவே இருந்தது.

கத்திரி வெயில் தொடங்கிய அன்று மத்தியானம் ஏசியில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. உத்திரமேரூர் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். வெயில் காலத்தில் அவரைக் கையில் பிடிக்க முடியாது.

"ஃபில்டர கயுவிப் பாருண்ணா. ஸ்டெபிலைசர்ல வோல்டேஜ் சரியா கீதான்னு பாரு. நான் வந்துடறேன்," என்றார்.

கழுவினேன். வோல்டேஜும் சரியாகவே இருந்தது. பொழுது சாய்ந்ததும் ஏசி தானாகக் குளிர்ந்தது, மறுநாள் காலையிலும் நன்றாக ஓடியது. மத்தியானம் மறுபடி மக்கர் செய்தது.

மத்தியானம் மட்டும் கெடுகிறது என்றால் வெயில்தான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். இன்னொரு வரிசை கீற்று வைத்துக் கட்டினேன். மூன்றாம் நாளும் குளிர் நின்றதும் முன்பக்கத்தில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். உள்ளே என் மனைவி ஈரத்துணியால் பிள்ளையின் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தெர்மாமீட்டர் நூற்றிரண்டைத் தாண்டியது. அதைப் பார்த்துவிட்டு நான் பின்பக்கம் ஓடிக் கயிற்றை இன்னும் இறுக்கினேன். பயத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் மெக்கானிக் வந்தார். பையைக் கீழே வைப்பதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"மூணு நாளா பொண்ணு அனலா கெடக்குது. நீ இன்னாய்யா போன்லயே வைத்தியம் பாக்கற?"

அவர் நேராகப் பின்பக்கம் போனார். நான் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே பின்னால் போனேன். ஈரச் சாக்கை விலக்கிக் கையை உள்ளே விட்டவர், "இங்க கைய வெச்சிப் பாருண்ணா," என்றார். நெல் அவிக்கும் அண்டாவைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது.

"இத யாருண்ணா கட்னது?"

"நான்தான்."

"வூட்டுக்குள்ள கீற சூட்ட எடுத்தாந்து இது இங்கதான் கொட்டுது. நீ நாலு பக்கமும் அடச்சிட்ட. கொட்ன சூட்டயே திரும்ப இழுத்துக்கினு கீது. தாங்க முடியாம நின்னுடுது. மேல ஒசரமா நெழல் இருந்தா போதும்ணா. சுத்தி காத்து போவணும்."

சாக்கையும் பக்கங்களில் கட்டிய கீற்றுகளையும் நானே அறுத்து எறிந்தேன். அரைமணி நேரத்தில் அறை குளிர்ந்தது. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகளுக்கு உடம்புச் சூடு இறங்கியது, கஞ்சி குடித்தாள். மறைக்க மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நான் மூடி மூடி வெச்சதாலதான் கண்ணு உனுக்கு இந்தப் பாடு," என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீ பின்னால கட்டிக்கினு இருந்த சத்தம் எனுக்குக் கேட்டுச்சி நைனா," என்றாள். "அது கேக்கற வரிக்கும் எனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிக்கினு படுத்திருந்தேன்."