அக்கா கட்டிய தொட்டில்

நோர்வேயில் பிள்ளைகள் பனிக்குளிரில் தூங்குகிறார்கள். கடை வாசலில் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுத் தாய் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கோப்பி குடிப்பாள். வந்த புதிதில், பாவம் பிள்ளை தனியாகக் கிடக்கிறதே என்று ஒரு வண்டிக்கு நான் காவல் நின்றேன். தாய் ஓடிவந்து, பிள்ளை பிடிக்கிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். நடையைக் கட்டினேன். ஐந்து வருடத்தில் அந்த ஊர்ச் சட்டமெல்லாம் என் மண்டையிலும் ஏறிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டது.

அப்பாவாகப் போகிறவர்களுக்கு அங்கே வகுப்பு உண்டு. பச்சைப்பிள்ளையை மல்லாக்கப் போட வேண்டும், தட்டையான மெத்தையில், தலையணை போர்வை இல்லாமல், அதன் சொந்தக் கட்டிலில். பார்னசெங் என்பார்கள் அந்தக் கட்டிலை. “நீங்கள் எதில் தூங்கினீர்கள்?” என்று தாதி கேட்டார். அம்மாவின் சேலையில் என்றேன். “அப்படியானால் உங்கள் அம்மா எழுந்து நடக்கவே முடியாதே?” என்றார். உடுத்திய சேலை என்று நினைத்துவிட்டார். வகுப்பே சிரித்தது. விளக்கிச் சொல்லாமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் மகள் பிறந்தது கண்டியில். மனைவி மாலதிக்கு அப்போது விசா வந்திருக்கவில்லை. தாயில்லாத அவளை அங்கே எங்கள் மஹய்யாவ வீட்டில் வைத்து, பத்தியம் சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டவள் என் அக்கா. முப்பதாம் நாள் விசேஷத்துக்கு நான் பிள்ளைக்கான மடக்குக் கட்டிலோடு போய் இறங்கினேன்.

எங்களில் பிள்ளையை முதன்முதலாகத் தொட்டிலில் போடுவது அத்தையின் உரிமை. அக்கா தன் பழைய நூல் சேலையைத் துவைத்து, முன்னறைக் கூரைக் கொக்கியில் தொட்டில் கட்டியிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பிள்ளையைத் தூக்கியபோது நான் வாயைத் திறந்தேன்.

“இதுல போட்டுத்தான்க்கா புள்ளைக மூச்சு முட்டி சாகுதுங்க. கழட்டு.”

அக்கா பிள்ளையை மாலதியிடம் கொடுத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். அது இறுகியிருந்ததால் நேரம் எடுத்தது. அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குசினி அடுப்படிக்கு என்னைக் கூட்டிப்போய் மாலதி கேட்டாள்: “என்னங்க, யார்கிட்ட என்ன பேசிட்டீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினொரு வருடத்துக்கு முன் அக்காவின் ஒரே பிள்ளை ஒன்றரை மாதத்தில், ஒரு பகல் தூக்கத்தில் இறந்துபோனது. அதே அறை, அதே கொக்கி. அன்று தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்தவன் நான்தான். அதற்குப் பிறகு அந்தக் கொக்கியில் ஒரு பையைக்கூட அவள் மாட்டவிட்டதில்லை. என் பிள்ளைக்காகத்தான் மறுபடி அதைத் தொட்டிருக்கிறாள். இதை எப்படி மறந்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கட்டிலை விரித்தேன். முதுகு மெத்தையில் பட்டதும் மகள் வீறிட்டு அழுதாள். இரண்டு நாள் இதே கூத்து. மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா வந்து நின்றாள். “எப்படிப் போடணும்னு சொல்லு.” கண் சொருகும்போது, முழுக்கத் தூங்குமுன் இறக்க வேண்டும், முதலில் இடுப்பு, பிறகு தலை, நெஞ்சில் ஒரு கை என்று சொன்னேன். அப்படியே செய்தாள். பிள்ளை இரண்டு முறை முனகிவிட்டுத் தூங்கியது. கையை எடுக்காமலே அக்கா கேட்டாள்:

“தம்பி, எம் புள்ளயும் அதனாலதான் போச்சா?”

இல்லக்கா, உன்மேல் குற்றமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. “அப்ப யாருக்கும் தெரியாதுதானே.”

“ம்” என்றாள்.

இப்போது நாங்கள் மூவரும் நோர்வேயில். மகள் தன் கட்டிலில் தூங்குகிறாள். பகல் தூக்க நேரம் பார்த்து அக்கா வீடியோவில் வருவாள்.

“மல்லாக்கப் போட்டியா?”

“போட்டேன்க்கா.”

“போர்வ ஒன்னும் இல்லதானே?”

“இல்லக்கா.”

கேட்டு முடித்ததும் போனை நிறுத்தாமல் பாயில் வைத்துவிட்டு வேலைக்கு எழுந்துவிடுவாள். என் திரையில் மஹய்யாவ வீட்டுக் கூரையும் அந்த வெறும் கொக்கியும் தெரியும். அவள் தூரப் போய்விட்டாள் என்று தெரிந்த பிறகுதான், “அக்கா, உன்மேல குத்தமில்ல” என்று சொல்கிறேன். மகள் எழும்பிவிடுவாள் என்று சாக்குச் சொல்லி, அதையும் மெதுவாகத்தான் சொல்கிறேன்.